நாற்பத்திரண்டாவது படிவம்

சிதம்பரத்தில் கல்லூரி மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான் உசாமா. மாணவர்கள் ஃப்ளூ தடுப்பூசி ஏன் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் அவனுடைய ப்ராஜெக்ட். கூட்டாளி, வகுப்புத் தோழி கயல்விழி. வருகிறவர்களிடம் அவள் கேட்டாள், ஆளுக்கொரு படிவத்தில் அவன் எழுதினான்.

"ஊசின்னாலே பயம்ங்க."

"கை வலிச்சா வாலிபால் எப்படி ஆடறது?"

"காய்ச்சல் வந்தா வரட்டும். கடலூருக்குப் போயி அம்மா கையால ரசம் சோறு சாப்பிடலாம்."

குரல்கள் எங்கோ தூரத்திலிருந்து வந்தன. மேஜை பிச்சாவரத்துப் படகுபோல மெல்ல ஆடியது. பச்சை வெளிச்சம் படர்ந்த அலையாத்திக் காட்டுக்குள் அவனும் கயல்விழியும் மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் தாள் புரட்டுவதுகூடத் துடுப்புச் சத்தமாகக் கேட்டது. நேற்றுவரை இவள் இவ்வளவு அழகாக இருந்ததில்லையே! காதல் என்பது இதுதானா? உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"என்னடா அப்படியே பாக்குற?"

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் கயல்."

அவள் சட்டென்று அவன் நெற்றியில் கை வைத்தாள். படகு நின்றது. இந்த நிமிடம் இப்படியே இருந்துவிடாதா என்று கண்களை மூடிக்கொண்டான்.

"அடப்பாவி, நெருப்பா கொதிக்குதுடா! ஹாஸ்டல்ல பாதிப் பேருக்கு இதே ஃப்ளூதான்."

நாற்பத்திரண்டாவது படிவத்தை எடுத்து, அதில் அவன் பெயரை எழுதினாள்.

"சொல்லு, நீ ஏன் போட்டுக்கல?"

உசாமா கண்ணைத் திறக்காமலே முனகினான்.

"எல்லாரையும் கேட்டு முடிச்சிட்டுப் போட்டுக்கலாம்னு இருந்தேன்."