ஞாயிற்றுக்கிழமை மகன்

உங்களை விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ. முதலிலை ஆக்களை அறிமுகப்படுத்தோணும்.

நான் கிளிபோட். எந்தக் குரலும் எனக்கு வரும். எங்கடை பங்குச் சாமியார் மாதிரி இருமுவன். "ஐயோ பிள்ளை, மெலிஞ்சு போனாய்" எண்டு றீற்றா அன்ரி மாதிரிச் சொல்லி, அவவையே திரும்பிப் பார்க்க வைப்பன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கிற டோர்செட் பார்க்கிலை எங்கடை பக்கத்து அப்பார்ட்மென்ற் றமீரோ அண்ணை, மெக்சிக்கோ மலைக்கிராமத்து ஆள். அங்கை வீடு கடைக்குட்டிக்குத்தான். வயசான தாய் தகப்பனைப் பார்க்கிற பொறுப்பும் கடைக்குட்டிக்குத்தான்.

அண்ணைதான் கடைக்குட்டி. தகப்பன் தொன் செவேரோ ஊரிலை தனிய.

ஞாயிறு தவறாமல் கிழவர் போன் எடுப்பார். மலையிலை வீடியோ வராது, குரல் மட்டும்தான். ஒரே கேள்வி: "எப்ப வாறாய்?"

"இங்கை இருக்கிறதுக்கு விசா பேப்பர் இன்னும் சரிவரேல்லையடா. இப்ப போனால் திரும்பி வரேலாது. அதை அந்த மனிசனுக்கு எப்பிடிச் சொல்ல? நீ என்ரை குரலிலை கதை," எண்டார் அண்ணை.

"கண்டுபிடிச்சால்?"

"உடைஞ்சுபோவார். வடிவாச் செய்."

ஸ்பானிஷ் பாதி பள்ளிக்கூடத்திலை, மீதி அண்ணையிட்டைப் பழகினனான்.

"அப்பா, நான் றமீரோ."

"ஆர்? காது கேக்காது, கத்து!"

"றமீரோ!"

"எங்கடை மாடு கண்டுக்குட்டி போட்டிட்டுது! சின்னனிலை மாடு மாதிரிக் கத்துவியே, ஒருக்காக் கத்து பாப்பம்!"

கத்தினன். அடுத்த ஞாயிறு சேவல். அதுக்கடுத்தது கழுதை. கீழ்வீட்டுக்காரர் கூட்டுற தும்புத்தடியாலை சீலிங்கிலை தட்டினார். அண்ணை தலைகாணியை வாயிலை அடைச்சுக்கொண்டு உருண்டார்.

கடைசியிலை ஒவ்வொரு முறையும், "ஆசீர்வதியுங்கோ அப்பா" எண்டுவன். எங்கடை வீட்டிலை நெற்றியிலை சிலுவை போடாமல் ஆரையும் வெளியிலை விடமாட்டினம். அந்தப் பழக்கம்.

"எப்ப வாறாய்" எண்டு கிழவர் என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை. மறந்திட்டார் எண்டு ரெண்டு பேருக்கும் புளுகம், துள்ளாத குறை.

பொறுங்கோ, சிரிப்பு வருகுது.

போன ஞாயிறு கழுதையாய்க் கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப்போச்சு. காத்து மாதிரித்தான் வந்தது: "ஆசீர்வதியுங்கோ அப்பா."

"ஆருக்கு?" எண்டார் காது கேக்காத மனிசன்.

"எ... எனக்குத்தான்."

"அப்ப உன்ரை பேரைச் சொல்லு தம்பி. என்ரை மகன் ஒருநாளும் ஆசீர்வாதம் கேட்டவனில்லை. முதல் ஞாயிறே பிடிச்சிட்டன். பேர் தெரியாமல், உனக்கு வரவேண்டியதெல்லாம் அவனுக்கெல்லோ போயிட்டுது!"

"அப்ப... மாடு? கழுதை?"

"ஊர் அறிவித்தல் போடுற ஒலிபெருக்கியிலை விட்டனான். சனம் வயிறு நோகச் சிரிச்சுது."

நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தன்.

"சரி, பக்கத்திலை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற உண்மையான கழுதையிட்டைப் போனைக் குடு. எப்ப வாறாய் எண்டு இனிக் கேக்கமாட்டன் எண்டு சொல்லு."