எச்சில் பஞ்சு

அருங்காட்சியகத்தின் பின்னறையில், ரெஜினா பஞ்சு சுற்றிய குச்சியை நாக்கில் நனைத்து, ஓவியத்துப் பெண்ணின் கன்னத்தில் மெல்ல உருட்டினாள். வருடக்கணக்கான சாம்பிராணிப் புகை பஞ்சில் கறுப்பாக ஏறியது. ஓவியத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்த தாமோதரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“என்னம்மா இது, எங்கம்மா மூஞ்சில போயி எச்சிலை…”

“மருந்து வச்சா சாயமும் சேந்து வந்துடும் சார். எச்சில்தான் நோகாம அழுக்கெடுக்கும். அப்புறமா தண்ணி தொட்டுத் தொடச்சிருவேன்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்த ஓவியத்தை விட்டால் அவருக்கு அம்மாவின் முகம் தெரியாது. அவள் மடியில் இருக்கும் ஒரு வயதுக் குழந்தை அவர்தான். சாயம் காய்வதற்குள் அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

மதியத்துக்குள் அம்மாவின் முகம் தெளிந்தது. ரெஜினா புதுக் குச்சியை நாக்கில் நனைத்து, குழந்தையின் கன்னத்துக்கு வந்தாள். பஞ்சு பட்டதும், எழுபத்தொரு வயது தாமோதரன் கண்களை இறுக்கி, மூக்கைச் சுளித்து, முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

ரெஜினா அதைக் கவனிக்கவில்லை. “ஆடாம இருடா தங்கம், ஆச்சு” என்றாள் ஓவியத்துக் குழந்தையிடம்.

தாமோதரன் ஆடாமல் இருந்தார்.