மூன்றாவது பட்டை

"வண்டி தானாச் சாயாது, பொன்ராஜே. ஆரோ வேணும்னே பணி செஞ்சிருக்கான்" என்றார் எஸ்டேட் மேனேஜரான மலையாளத்துத் தொரை.

அவர் காதோரம் இன்னும் சேறு காயவில்லை. வெள்ளைக்காரத் தொரை ஊருக்குப் போகும்போது எஸ்டேட் கிளப்புக்கு விட்டுப்போன பேட்டரி வண்டி அது. கோல்ஃப் மைதானத்தில் ஆளையும் மட்டைகளையும் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் ஊரும். மழைக்காலம் முழுக்கப் பின்ஷெட்டில், ஓடாத பழைய சீமை லாரிக்குப் பக்கத்தில் கிடந்ததை இப்போதுதான், பத்து நாளாக, வெளியே எடுத்திருந்தார்கள். இன்று காலை, கொச்சியிலிருந்து வந்த கம்பெனிப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சரிவில் வலதுபக்க மூக்கு அமுங்கி, தொரையை ஓடையில் தள்ளிவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள ஆள் ஆருன்னு சொல்லணும். இல்லேன்னா செக்ரோல்ல உன் பேரை வெட்டிடுவேன்."

செக்ரோல் என்ற ஆள்பதிவில் பேர் இல்லையென்றால் வேலை மட்டுமல்ல, எஸ்டேட் தந்த லயத்து வீடும் போய்விடும். தொரை போன பிறகு எஸ்டேட் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பொன்ராஜ், ஷெட்டில் நின்ற வண்டியைச் சுற்றி வந்தான். கதவோரம் நின்ற சுவக்கீன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான்.

பொன்ராஜ் முதலில் டயரைப் பார்த்தான். இரண்டிலும் காற்று சமம். நூலைப் பிடித்து அளந்தான். இடதுபக்கம் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண். வலதுபக்கம் நாலு விரல் குறைந்தது. மூக்கைக் கையால் அமுக்கி விட்டான். எங்கும் சிக்காமல் எழும்பியது. மூட்டு ஆணிகளும் தேயவில்லை. மிச்சம், வண்டியைச் சக்கரத்தின்மேல் தாங்கும் பட்டை வில்தான்.

"ஏலே சுவக்கீன், அந்த டார்ச்சைப் பிடி."

டார்ச் வெளிச்சம் நடுங்கியது.

"எதுக்குலே கை ஆடுது?"

"குளிருண்ணே."

"மத்தியான வெயில்லயா? சரி, இடதுபக்க வில்லுல எத்தனை பட்டை இருக்கு, எண்ணு."

"மூணுண்ணே."

"வலதுபக்கம்?"

"ரெண்டு."

"குனிஞ்சே பாக்கலியே நீ!"

சுவக்கீன் டார்ச்சை வலதுபக்கம் திருப்பினான்.

மூன்றாவது பட்டை இருந்த இடத்தில் ஒரு மரத்துண்டைச் சீவி அடைத்திருந்தார்கள். பச்சை மரம். வெயிலில் காய்ந்து சுருங்கி இன்றைக்குப் பிளந்துவிட்டது. மிச்சமிருந்த பட்டைகளின் நடுத்துளையைப் பொன்ராஜ் விரலால் தடவினான்.

"சீமை இரும்பு. துளையைப் பாரு, சதுரமா இருக்கு. நம்ம லாரிப் பட்டை எதுலயும் இப்படிக் கெடையாது. எங்க கெடந்தாலும் கண்டுபிடிச்சிருவேன்."

"அண்ணே" என்றான் சுவக்கீன் மெதுவாக. "போதும்ணே. ரொம்பத் தோண்டாதீக. தோண்டுனா உங்களுக்குத்தான் சங்கடம்."

பொன்ராஜ் டார்ச்சைப் பிடுங்கினான். "மிரட்டுதியாலே?"

"ஐயோ, மிரட்டலைண்ணே. ஒண்ணும் தெரியாத மாதிரியே கேக்குறீகளே, அதான்."

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சாயங்காலம் ஆபீஸில் பொன்ராஜ் எல்லாவற்றையும் கொட்டினான். எண்ணாமலே 'ரெண்டு' என்றது, கை நடுங்கியது, மிரட்டியது. "வாரா வாரம் போடிச் சந்தைக்குப் போறான் தொரை. அங்க சீமை இரும்புக்கு நல்ல கிராக்கி."

"எந்தா சுவக்கீனே? எடுத்தது நீயா?" என்றார் தொரை.

சுவக்கீன் பொன்ராஜையே பார்த்தான். அவன் ஏதோ சொல்வான் என்று காத்திருப்பதுபோல நெடுநேரம் பார்த்தான். பொன்ராஜ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"கழட்டுனது நான்தான் தொரை" என்றான் கடைசியில்.

"எங்கே வித்தே?"

"விக்கலை."

"பின்னே?"

சுவக்கீன் தொப்பியை மேசைமேல் வைத்தான்.

"மதி, போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணு." தொரை பொன்ராஜ் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உன்னை மாதிரி நாலு பேர் வேணும்டா எஸ்டேட்டுக்கு. கவாத்துப் போட்டியில முதல் பரிசு வாங்கினது உன் பொஞ்சாதி அல்லே?"

"ஆமா தொரை. ஆம்பளையாளுகளையே முந்திட்டா. ஒரே நாள்ல இருநூறு தேயிலைச் செடி."

லயத்துக்கு வரும் வழியெல்லாம் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாரித்தாய் வாசலில் உட்கார்ந்து கவாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"கள்ளனைப் பிடிச்சுக் குடுத்துட்டேன் புள்ள! எஸ்டேட்டை விட்டே விரட்டியாச்சு. தொரையே கூப்பிட்டுப் பாராட்டுனாரு" என்றவன், சட்டென்று நின்றான்.

கத்தியின் பிடிக்குச் சற்று மேலே ஒரு துளை. சதுரத் துளை.

"இது... இந்தக் கத்தி ஏது?"

"ஏதா? நல்லா இருக்கே! மழையப்ப கொல்லன் பெரியமுத்துக்கிட்ட நீங்கதானே சொன்னீக, பின்ஷெட்டுல நிக்கிற சீமை வண்டியில ஒரு பட்டையை உருவி இவளுக்குக் கத்தி அடிச்சுக் குடுன்னு."

"நான் சொன்னது ஓடாமக் கெடக்குற அந்தப் பழைய லாரியை!"

"லாரிப் பட்டை தடிமனாம், என் கைக்கு அடங்காதாம். அதான் பக்கத்துல நின்ன சின்ன வண்டியில கழட்டுனாக. சுவக்கீன் அண்ணன்தான் கழட்டிக் குடுத்து, மரத்தைச் சீவி வச்சாராம். தொரைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பெரியமுத்து பயந்தப்பகூட, 'பொன்ராஜ் அண்ணன் சொல்லிட்டாருல்ல, உசுரே போனாலும் அவரு பேரு என் வாயில வராது'ன்னு சுவக்கீன் அண்ணன் சொன்னாராம்." மாரித்தாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "அது கெடக்கட்டும், யாரோ கள்ளனைப் பிடிச்சேன்னீகளே... யாரு?"