அடி சுத்தம்

“எட்டு மணிக்கு வர்றேன்னு போன்ல சொல்லிட்டு, பத்தே முக்காலுக்குத்தான் தண்ணியில எறங்குவியா?”

படகின் பின்பக்கம் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியிருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். துறை மேடையில் குடையோடு நின்றிருந்தார் ஓர் அம்மாள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை ஓட்டிவிட்டு, இப்போது இந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது.

“மேடம்... அது வந்து...”

“பஸ் வரல, அதானே? வேற புதுசா ஏதாவது சொல்லு. சரி, சுரண்டி எங்கே?”

அவன் இடுப்புப் பையைத் தடவினான். “சுரண்டியா?”

“சரியாப் போச்சு. பரீட்சைக்குப் பேனா இல்லாம வர்ற கேஸு!”

பிளாஸ்டிக் சுரண்டி ஒன்றும் பழைய கம்பளித் துண்டு ஒன்றும் அவன் தலைக்குப் பக்கத்தில் தொப்பென்று வந்து விழுந்தன.

“நல்லாக் கேட்டுக்க தம்பி. என் படகு வருஷம் பூரா தண்ணியிலேயே நிக்குது. அதனால சிப்பி, பாசின்னு எதுவும் அடியில குடித்தனம் நடத்தக் கூடாது. பாசியைக் கம்பளியால தொடைக்கணும். சிப்பியை மட்டும் சுரண்டணும். அங்க சிப்பி ஒட்டாத பெயின்ட் அடிச்சிருக்கு. அதையும் சேர்த்துச் சுரண்டினே, நான் உன்னைச் சுரண்டிடுவேன். பெயின்ட் போனா ஃபைபர் தண்ணி குடிக்கும், குடிச்சா கொப்புளம் போடும். புரியுதா?”

“புரியுது மேடம்.”

“எங்கே, திருப்பிச் சொல்லு.”

சொன்னான். நடுவில் ஒரு தப்பு வந்தது. முதலிலிருந்து சொல்ல வைத்தார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் மூழ்கினான். அடியில் சிப்பிகள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பிளேடு. ஒன்றைப் பெயர்த்தால் பக்கத்தில் இருந்தது விரலைக் கிழித்தது. மூச்சு வாங்க மேலே வந்த ஒவ்வொரு தடவையும் குடை அங்கேயே நின்றது. சத்தமில்லாமல் அந்தப் பக்கமாக நீந்தி நழுவிவிடலாமா என்றுகூடப் பார்த்தான். அந்தப் பக்கமும் குடை வந்தது.

“அடியில துத்தநாகக் கட்டி ஒண்ணு இருக்கும். எவ்வளவு மிச்சம்னு பார்த்துச் சொல்லு.”

மூழ்கி எழுந்தான். “பாதி கரைஞ்சுபோச்சு மேடம்.”

“கரையட்டும், அதுக்குத்தான் வெச்சிருக்கு. உப்புத்தண்ணி எதையாவது அரிக்காம இருக்காது. இதைத் தின்னுட்டுப் போன்னு குடுத்துட்டா, மத்ததெல்லாம் தப்பிச்சுக்கும். எங்க ஸ்கூல்ல டிரில் மாஸ்டர்னு ஒருத்தர் இருந்தார். இன்ஸ்பெக்டர் வந்தா அவரைத்தான் முன்னாடி அனுப்புவோம்.”

பக்கத்துப் படகிலிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. பல் டாக்டர்.

“டீச்சர், ஆளு யாரு? வேலை சுத்தமா இருக்கே! என் படகு அடியில பாருங்க, அம்பது வருஷமா பல்லே தேய்க்காதவன் வாய் மாதிரி காரை கட்டிக் கெடக்குது.”

“வரிசையில நில்லுங்க டாக்டர்.”

மதியம் அவனை மேடையில் உட்காரவைத்து, தன் டப்பாவிலிருந்த ரொட்டியில் பாதியையும் முட்டையையும் நீட்டினார் டீச்சர். அவன் விரல்களைப் பார்த்ததும் திட்டிக்கொண்டே மருந்து போட்டுவிட்டார். “கையுறை போடத் தெரியாதா? கை இல்லாம என்ன பொழைப்புப் பொழைக்கப் போறே?”

வேலைக்குப் போன இடத்தில் இதுவரை யாரும் அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டதில்லை.

சாப்பிட்ட பிறகு நழுவும் யோசனையே அவனுக்கு வரவில்லை. கம்பளியை அலசிக்கொண்டு தானாகவே இறங்கினான். யாரும் பார்க்க முடியாத மூலைகளில்கூட விரலை விட்டுத் துடைத்தான்.

ஐந்து மணிக்கு டீச்சர் தன் கைப்பேசியை உறையில் போட்டு, ஒரு குச்சியில் கட்டித் தண்ணீருக்குள் விட்டுப் படம் எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு.”

“ரெண்டு மார்க் எதுக்கு மேடம் கொறைச்சீங்க?” உண்மையாகவே அவனுக்கு மனசு வலித்தது. பள்ளிக்கூடத்தில் அவன் முப்பத்தைந்தைத் தாண்டியதே இல்லை.

“லேட்டா வந்ததுக்கு.” கூலியை அவன் கையில் வைத்தார். “இனிமே மாசாமாசம் நீதான் வர்றே.”

“நாளைக்கு என்னுது!” என்று டாக்டர் அங்கிருந்தே கத்தினார்.

தெருமுனையில் நின்ற வேனிலிருந்து அவன் மனைவியின் தம்பி குதித்து ஓடிவந்தான்.

“யோவ் மாமா, உயிரோடதான் இருக்கியா? சுரண்டியும் கையுமா வந்த ஒருத்தன், வேற ஆளை வெச்சுட்டாங்கன்னு பொலம்பிக்கிட்டே போறான். நீ என்னடான்னா வெறுங்கையோட வர்றே! ஆள் இல்லாத நேரமா முங்கி, அந்த வெண்கலப் புரொப்பல்லரைக் கழட்டித் தூக்கிட்டு வர பத்தே நிமிஷம் போதும்னியே, எங்கேய்யா அது?”

“திருட எல்லாம் நேரம் எங்க மச்சான் இருக்கு?” என்றபடி அவன் வேனில் ஏறினான். “நாளைக்கு டாக்டர் படகு, அதுக்கப்புறம் இன்னும் மூணு நிக்குது... உன்னையும் அசிஸ்டென்ட்னு சொல்லி வெச்சிருக்கேன், வண்டியை எடு, கடை மூடுறதுக்குள்ள உனக்கொரு நீச்சல் ட்ரவுசர் வாங்கணும்!”