பன்னிரண்டாம் நம்பர் பாத்தி

“இந்த நிமிஷத்துல இருந்து நான் தலைவர் இல்லை!”

தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியும் அவரோடு எழுந்து, ஓரடி கூடவே வந்துவிட்டுக் கீழே விழுந்தது. மோட்டார் ஷெட் நிழலில் உட்கார்ந்திருந்த பதினைந்து உறுப்பினர்களும் அரண்டு போனார்கள்.

ஆரணியில் சேவூர் ரோட்டை ஒட்டிய நெசவாளர் காலனி அது. பூங்காவுக்கென்று விட்ட இடம் குப்பைமேடாகக் கிடக்க, காலனிக்காரர்களே அதைச் சுத்தம் செய்து, இருபது பாத்தியாகப் பிரித்து, காய்கறி போடுகிறார்கள். யார் எப்போது மோட்டார் போடுவது, யார் வேலியைப் பார்ப்பது எல்லாமே அவர்களே வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்துக்கு நாலு வருஷமாகத் தலைவர் தசரதன். வெண்டைக்கும் கீரைக்கும் நடுவில் போகும்போதுகூட, சட்டசபைக்குள் நுழைகிற மாதிரிதான் போவார்.

கடைசியில் உட்கார்ந்திருந்த தேவிப்ரியாவின் மடியில் ஒரு கூடை. அதற்குள் பால் பாக்கெட்டுகளில் வளர்த்த பதினாறு கத்தரி நாற்று. மாடியில் ஈரம் இறங்குகிறது, இன்றைக்குள் எடுக்காவிட்டால் தூக்கி எறிந்துவிடுவேன் என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். தோட்டத்தில் காலியாக இருப்பது பன்னிரண்டாம் நம்பர் பாத்தி ஒன்றுதான். அதைக் கேட்டு மூன்று மாதமாக மனு கொடுக்கிறாள். ‘வாடகைக்கு இருக்கறவங்களுக்குப் பாத்தி இல்ல. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிகினு பூடுவீங்க’ என்பதுதான் பதில். இன்றைக்கு எல்லார் எதிரிலும் கேட்டுவிடலாம் என்று வந்தால், வாயைத் திறக்குமுன்னே இந்த ராஜினாமா.

“இன்னா தலைவரே, ஒரு போர்டுக்கா இவ்ளோ கோவம்?” என்றார் லோகநாதன்.

“போர்டு இல்ல லோகநாதா, மரியாதை! கேட் போர்டுல தலைவர் போட்டோ எதுக்குன்னு கேட்டியே, அந்தக் கேள்வி என்னை இங்க குத்திட்டுது.” தசரதன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“தெரியாம கேட்டுட்டேன். ஒண்ணுக்கு ரெண்டு போட்டோவா மாட்டிக்கலாம்.”

“முடியாது. நாலு வருஷத்துல ஒரு கொத்தமல்லித் தழை எனக்குன்னு கிள்ளியிருப்பனா? தலைவருக்குப் பாத்தி கெடையாதுன்னு ரூல் போட்டீங்க. தியாகம்னு ஏத்துக்கினேன். இனிமே நான் சாதாரண மெம்பர். பன்னண்டாம் நம்பர் சும்மாதான கீது? மண்வெட்டியை எடுங்க, இப்பவே எறங்கறேன்.”

தேவிப்ரியா கூடையை இறுக்கிக்கொண்டாள். போயிற்று. ஒரு மனிதரின் போட்டோ ஆசைக்குப் பதினாறு நாற்றும் பலி.

ஆனால் கூட்டம் அவளைவிட அதிகமாகப் பதறியது. லோகநாதன் பாய்ந்து போய், மண்வெட்டி இருந்த ஷெட் கதவை முதுகால் அடைத்துக்கொண்டார். ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அப்படிச் சொல்லாதீங்கண்ணா!” செயலாளர் சசிகலாவின் குரல் தழுதழுத்தது. “நீங்க தலைவரா இல்லாட்டி இந்தத் தோட்டமே இல்ல!”

இந்த ஆள்மேல் இத்தனை பாசமா? தேவிப்ரியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அழுது மடக்காதீங்க. பன்னண்டு காலியா, இல்லியா?”

“இல்லண்ணா! குடுத்தாச்சு!”

“யாருக்கு?”

சசிகலாவின் கண்கள் ஒரு சுற்றுச் சுற்றி, நாற்றுக் கூடையில் வந்து நின்றன. “அதோ... அந்தப் பொண்ணுக்கு!”

“அது வாடகை வீடாச்சே? ரூல் இன்னா ஆச்சு?”

“ரூலை எடுத்தாச்சு!” என்றார் லோகநாதன், கதவை விடாமல்.

“வாயால சொன்னா ஆச்சா? நோட்டுல எழுதுங்க. பொண்ணு பேரைப் போடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.”

“ஜல்தியா எழுதும்மா சசிகலா!” என்று நாலு குரல் கேட்டது.

மோட்டார் பழுது பார்ப்பதற்கே மூன்று வாரம் விவாதிக்கிற கூட்டம் அது. இரண்டே நிமிஷத்தில் பதினைந்து கையெழுத்தும் விழுந்தன.

தசரதன் நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பெரிய மனதோடு, “சரி, உங்க அன்புக்குக் கட்டுப்பட்டு ராஜினாமாவை வாபஸ் வாங்கறேன்” என்றார். பலத்த கைதட்டல். கவிழ்ந்து கிடந்த நாற்காலியை மூன்று பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நாற்று நடுவதற்குத் துணையாக வந்தாள் சசிகலா.

“தலைவர்னா எல்லாருக்கும் உயிராக்கா?” என்று கேட்டாள் தேவிப்ரியா.

சசிகலா சுற்றுமுற்றும் பார்த்தாள். “மொதல் வருஷம் அவரும் ஒரு பாத்தி எடுத்தாரும்மா. அவருக்குச் சாயப்பட்டறை கீது. சாயம் ஏத்தறதுக்கு முன்னாடி பட்டு நூலைச் சோப்பும் சலவை சோடாவும் போட்டு வேகவெப்பாங்க இல்ல? அந்தத் தண்ணியில பட்டோட சத்தெல்லாம் எறங்கியிருக்குதுன்னு, யார்கிட்டயும் சொல்லாம நாலு டிரம் கொண்டாந்து, இருபது பாத்திக்கும் அவரே ஊத்திட்டாரு. ஒரே வாரம். புல்லுகூட மிஞ்சல.”

“ஐயோ! திட்டலையா?”

“எப்படித் திட்டறது? நல்லது பண்றதா நெனச்சு வேர்த்து விறுவிறுத்து ஊத்தின மனுஷன். அதான் தலைவராக்கிட்டு, தலைவருக்குப் பாத்தி கெடையாதுன்னு ரூல் போட்டோம். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.”

தேவிப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கேட் ஓரத்தில் தசரதன் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றிங்க சார்.”

“நட்டுட்டியாம்மா?” அவர் தோட்டத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மூணு மாசமா உனக்காகச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் அசையல. நான் மண்வெட்டியைத் தொடறேன்னு மெரட்டினாதான் இவங்ககிட்ட காரியம் நடக்கும்.”