ஆட்காட்டியின் அறிக்கை

ஏரிக்கரைக் காவல் ஆட்காட்டிக் குருவியிடம் இருந்தது. அயலார் யார் வந்தாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும், பிறகு தண்ணீரில் ஊறிக் கிடக்கும் எருமை அதிகாரியிடம் அறிக்கை சொல்ல வேண்டும். அந்த வேலையில் அது ஒருநாளும் குறை வைத்ததில்லை.

ஒரு மார்கழிப் பனியில், மலை தாண்டி வாத்துக் கூட்டம் ஒன்று வந்திறங்கியது. ஆட்காட்டி கத்தித் தீர்த்துவிட்டு எருமையிடம் ஓடியது.

"ஐயா, வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். சந்தேகத்துக்குரியவர்களும் முப்பத்திரண்டு பேர்."

"என்ன செய்தார்கள்?"

"இதுவரை ஒன்றும் செய்யவில்லை ஐயா. அதுதான் சந்தேகமாக இருக்கிறது."

எருமை அசைபோட்டபடியே தலையாட்டியது.

மறுநாள் தலைவாத்து ஆட்காட்டியைத் தேடி வந்தது. "அக்கா, பனியில் கீழே ஒன்றுமே தெரியவில்லை. உங்கள் குரலை வைத்துத்தான் ஏரியைக் கண்டுபிடித்தோம். வழியில் எந்த ஊரிலும் எங்களை இப்படி வாய் நிறைய யாரும் கூப்பிட்டதில்லை."

ஆட்காட்டி, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவைத்தது.

அடுத்த மார்கழியில் வாத்துகளைக் காணோம். மூன்று நாளாகப் பனியும் விலகவில்லை. ஆட்காட்டி இரை தேடக்கூடப் போகாமல் வெறும் வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

"யாருமே வரவில்லையே, எதற்குக் கத்துகிறாய்?" என்று எருமை சலித்துக்கொண்டது.

"வராததால்தான் ஐயா."

நான்காம் நாள் மேலேயிருந்து பதில் குரல் கேட்டது. ஆட்காட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்த்துவிட்டு, கால் தரையில் பாவாமல் எருமையிடம் ஓடியது.

"ஐயா, சந்தேகத்துக்குரியவர்கள் முப்பத்திரண்டு பேரும், அவர்கள் பிள்ளைகள் ஐந்து பேரும், நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார்கள்."