வாடகைச் சிலிண்டர்

ஒரே சிலிண்டரை ஊருக்கெல்லாம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற மனுசனை என்ன செய்தால் தகும்?

வண்டிகளுக்குத் தகுதி பார்த்து எஃப்.சி. கொடுக்கிற மைதானத்துக்கு எதிரே, வேப்பமர நிழலில் நின்றிருந்த கலையரசிக்கு அதுதான் யோசனை. ஸ்கூட்டர் பேப்பர் விஷயமாக வந்தவள் அவள். வந்த இடத்தில் கண்ட காட்சி பிடித்து நிறுத்திவிட்டது.

வரிசையில் நின்ற அத்தனை வண்டிகளுக்கும் தீயணைக்கிற சிலிண்டர் ஒன்றேதான். பக்கத்தில் வண்டி வயரிங் கடை வைத்திருந்த முப்பிடாதியின் சிலிண்டர். ஒரு வண்டிக்குள் தலையை நுழைத்து மாட்டிவிடுவார். அது உள்ளே போய்ப் பாஸாகி வந்ததும் கழற்றி அடுத்ததில் மாட்டுவார். கல்யாணத்துக்கு இரவல் வாங்கின நகை மாதிரி கைமாறிக்கொண்டே இருந்தது அது.

மற்ற வண்டி என்றால் அவள்பாட்டுக்குப் போயிருப்பாள். இப்போது சிலிண்டரோடு உள்ளே போயிருப்பது, தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு அவள் மகள் பள்ளிக்கூடம் போகிற மஞ்சள் வேன். டிரைவரை அவள் பார்த்ததில்லை. பிள்ளையை ஏற்றி இறக்குவதெல்லாம் மாமியார்தான். வேனில் எழுதியிருந்த பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தச் சிலிண்டர்ல மருந்து இருக்கா?"

"இல்ல தாயி. காலி."

கூசாமல் சொன்னார்.

"மீட்டர் முள்ளு பச்சையில நிக்கே?"

"ஒட்டி வச்சிருக்கேன்லா."

கலையரசிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வண்டி தீப்பிடிச்சா பிள்ளைகள் கதி என்ன? உங்க வீட்டுப் பிள்ளை அதுல போனா இப்படிச் செய்வீயளா?"

"மருந்து ரொப்பினாலும், பாஸானதும் கழத்திக் குடுத்துட்டுத்தான தாயி போகப்போறானுவ."

இவரிடம் பேசிப் பயனில்லை என்று போனை எடுத்தாள். கடையையும் முப்பிடாதியையும் சேர்த்துப் படம் பிடித்தாள்.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கேன்."

"தாராளமாக் குடுங்க. மூஞ்சி நல்லா விழுந்திருக்கா?"

அதற்குள் மஞ்சள் வேன் பாஸாகி வந்து நின்றது. டிரைவர் ஜோன்ஸ் குதித்து இறங்கினான். பாஸான சந்தோஷம் முகத்தில் இல்லை.

"அண்ணாச்சி, சிலிண்டர மாட்டுதேன்னு உள்ள பூந்து என்ன பண்ணினீய? ஃபேனும் ஓடல, பாட்டும் படிக்கல!"

முப்பிடாதி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தார். முறுக்கின செம்புக் கம்பி, சுருட்டின வெள்ளித்தாள், ஆணி, ஊக்கு. எல்லாம் பாதி கருகியிருந்தன. அதிலிருந்து ஒரு கொண்டை ஊசியைப் பொறுக்கி ஜோன்ஸிடம் நீட்டினார்.

"ஏலே, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல இதச் சொருகி வச்சிருக்க. அந்த வயரு பத்து ஆம்பியர்தான் தாங்கும். மூணு ஃபேனையும் பாட்டுப்பெட்டியையும் அதுலயே இழுத்திருக்க. பாரம் கூடினா ஃபியூஸ் எரிஞ்சு கரண்டை நிப்பாட்டணும். இப்ப நான் போட்ட ஃபியூஸ் அதத்தான் செஞ்சிருக்கு. கொண்டை ஊசி எரியுமா? வயருல்லா எரியும்!"

"இத்தன நாளும் ஓடத்தான அண்ணாச்சி செஞ்சுது?"

"ஓடுச்சு. அந்த வயர என்னைக்காவது தொட்டுப் பாத்தியா? மேல உள்ள ரப்பர் இளகி சீட்டுத் துணியில ஒட்டிக் கெடக்கு."

"எந்த சீட்டு?" கலையரசி கேட்டாள்.

"பின்னால, இடது பக்க ஜன்னலோரம்."

அந்த இடத்துக்காகத்தான் அவள் மகள் தினமும் முதல் ஆளாக ஓடிப்போய் ஏறுவாள்.

முப்பிடாதி டப்பாவில் எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டார்.

"ஒவ்வொண்ணும் ஒரு வண்டியில எடுத்தது தாயி. ஃபியூஸ மாத்துங்கடேன்னு சொன்னா ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான். சிலிண்டருக்குன்னா தேடி வருவான். மாட்டுத சாக்குல உள்ள பூந்து, பைய இத உருவிட்டு, சரியான ஃபியூஸப் போட்டு விட்டிருவேன். காலி சிலிண்டரால ஆகுற காரியம் அவ்வளவுதான்."

கலையரசி படம் பிடித்த போனைக் கைப்பைக்குள் போட்டாள். கோபம் மட்டும் அடங்கக் காணோம். அது ஆள் மாறி ஜோன்ஸ் மேல் பாய்ந்தது.

"பச்சப் பிள்ளைகள ஏத்துத வண்டியில கொண்டை ஊசியச் சொருக எப்படித் தம்பி மனசு வந்துச்சு?"

இவள் யார் என்று ஜோன்ஸுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பதில் சொன்னான்.

"நான் என்ன செய்ய அக்கா? ஃபேனுக்குத் தனி வயர் இழுக்கணும், ஒரு நாள் மட்டும் வண்டி வராதுன்னு போன மாசமே பிள்ளைகளோட அம்மாமார் குரூப்புல கெஞ்சினேன். யாரு விட்டா? அதுலயும் ஒரு அம்மா புடிச்ச புடி இருக்கே..."

"யாரு அவ? பெத்த பிள்ளை உயிரோட விளையாடுதவ ஒரு தாயா? காட்டுங்க பாப்போம்!"

ஜோன்ஸ் போனில் தேடி எடுத்து அவள் கையிலேயே கொடுத்தான். "நீங்களே வாசிங்க."

வாசித்தாள்.

'வேன் ஒருநாள்கூட நிற்கக் கூடாது. ஃபேனும் இன்றைக்கே ஓடியாக வேண்டும். எதையாவது மாட்டி ஓட விடுங்கள்.'

அனுப்பியவரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தில், முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள் கலையரசியின் மகள்.